வலது மூலையில் சிவப்பு

வேலைச் சீட்டில் விஸ்வலிங்கம் என்ற பெயரைப் பார்த்ததும் கையிலிருந்த ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டேன். பெயருக்குக் கீழே, 'கம்ப்யூட்டரில் டிவிடி படம் தெளிவில்லை, ஆள் வரவும்' என்று எழுதி, கிரீன் லேன் முகவரி கொடுத்திருந்தார்கள்.

"இந்த வீட்டுக்கு நான் போறேன் அண்ணே," என்றேன் கடை முதலாளி அப்துல் அஜீஸிடம்.

"சாப்பிட்டுட்டுப் போலாம்லா மேரி. படம்தானே, ஓடியா போயிடப் போகுது?"

ஓடாதுதான். ஆனால் ஆறு வருஷமாகக் காத்திருப்பவளுக்குச் சாப்பாடு ஒரு கேடா?

அதற்கு முன் பதினொரு வருஷம் நான் புக்கிட் தெங்காவில், மானிட்டர் செய்யும் ஃபேக்டரியில் இருந்தேன். படம் பார்ப்பதுதான் வேலை. வரிசையில் வரும் ஒவ்வொரு மானிட்டரிலும் வெள்ளைக் கோடுகளை ஓடவிட்டு, நிறம் பிரிகிறதா, மூலை வளைகிறதா என்று பார்ப்பேன். சரியாக இருந்தால் பின்பக்கம் என் எண் பதினேழையும் அன்றைய தேதியையும் முத்திரையாகக் குத்துவேன். என் கண்ணுக்குத் தப்பி ஒரு பிழை வெளியே போனதில்லை. தற்பெருமைதான், இருந்துவிட்டுப் போகட்டும்.

தொண்ணூற்று மூன்றில், வெளிநாட்டுக்குப் போன இருநூறு பெரிய மானிட்டர்கள் திரும்பி வந்தன. எல்லாவற்றிலும் வலது மேல் மூலையில் சிவப்பு தனியாகப் பிரிந்து நிற்கிறது என்றார்கள். எல்லாவற்றிலும் என் முத்திரை. நான் குத்தவில்லை, முத்திரையில் என்ன தேதி இருக்கிறது காட்டுங்கள் என்று கேட்டேன். "அதெல்லாம் ஒடச்சுப் போட்டாச்சு மேரி, இனி என்னத்தப் பாக்குறது?" என்றார் மேனேஜர் விஸ்வலிங்கம். அவர் நீட்டிய ரிஜிஸ்டரில் நான் வேலையில் இருந்த ஒரு சனிக்கிழமை எழுதியிருந்தது. அன்றைக்கே என்னை வெளியே அனுப்பினார்கள். அதன்பிறகு சிம்பாங் அம்பாட் வரைக்கும் எந்த ஃபேக்டரியும் என்னைச் சேர்க்கவில்லை. 'குருட்டு மேரி' என்று பெயர் வேறு வைத்தார்கள். வேலை போனதைக்கூட மறந்துவிடலாம். அந்தப் பெயர் பொய் என்று அந்த ஆள் வாயாலேயே சொல்ல வைக்காமல் சாகக் கூடாது என்று இருந்தேன்.

கதவைத் திறந்த விஸ்வலிங்கம் என்னைப் பார்த்ததும் அரை அடி பின்னால் போனார். தலை முழுக்க நரைத்திருந்தது.

"கடையிலேருந்து வந்திருக்கேன் சார்," என்றேன்.

அவர் பதில் சொல்வதற்குள் அவர் மனைவி பத்மாவதி வந்துவிட்டார். "உள்ள வாம்மா. ரிட்டயர் ஆனதிலேருந்து இவர் இந்தக் கம்ப்யூட்டரோடதான் குடும்பம் நடத்துறார். ஒரு படமாச்சும் ஒழுங்காப் பாக்க முடியுதா? தலைவலிதான் மிச்சம்."

கூடத்தில் ஒரு பெரிய மானிட்டர், பக்கத்தில் கம்ப்யூட்டர், இரண்டு ஸ்பீக்கர், ஜன்னலுக்குக் கனமான திரை. சின்னத் தியேட்டரே நடத்தினார். உண்மையைச் சொல்கிறேன், நான் சரிசெய்யப் போகவில்லை. செட்டிங்கில் கை வைத்து, எல்லா முகமும் பச்சையாகத் தெரியும்படி கெடுத்துவிட்டு வரத்தான் போனேன்.

தமிழ்ப் படம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. நனைந்த கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல் மங்கல். கம்ப்யூட்டரிலிருந்து டிவிக்குப் போடும் மஞ்சள் கேபிளை இழுத்து இதில் சொருகியிருப்பார், தெரிந்த கதைதான். அதைப் பார்க்க டார்ச்சோடு மானிட்டருக்குப் பின்னால் குனிந்தேன்.

அங்கே என் எண் இருந்தது. பதினேழு. பக்கத்தில், 26 ஜூலை 93.

உடைத்துப் போட்டாச்சாம். டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோனேன். ஜூலை இருபத்தாறு புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் கோயில் திருநாள். அன்று நான் ஒரு வருஷம்கூட வேலைக்குப் போனதில்லை. லீவு போட்டால் முத்திரையை டிராயரில் பூட்டி, சாவியை மேனேஜரிடம் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். மேனேஜர் யார்? இதோ, என் முதுகுக்குப் பின்னால் நின்றார்.

"கேபிள் மாத்தினாப் போதும்ல? மாத்திட்டுக் கெளம்பு," என்றார்.

"இல்ல சார். வந்தது வந்துட்டேன், நல்லாப் பண்ணிக் குடுத்துட்டே போறேன்."

கெடுக்கும் எண்ணம் போயே போய்விட்டது. என் வாழ்நாளில் அவ்வளவு நல்ல வேலை நான் செய்ததில்லை. மானிட்டருக்கு உரிய கேபிளைப் போட்டேன். மங்கல் விலகியது. ஆட்கள் கையை வீசும்போதெல்லாம் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாக வந்ததை, படம் ஓட்டும் சாஃப்ட்வேரில் மாற்றி நிறுத்தினேன். சாம்பலாக இருந்த கறுப்பைக் கறுப்பாக்கினேன். படம் விநாடிக்கு இருபத்துநான்கு ஃபிரேம் என்பதால் திரையின் வேகத்தை அதில் மூன்று மடங்காக, எழுபத்திரண்டுக்குக் கொண்டுவந்தேன். கேமரா நகரும்போது இருந்த வெட்டல் நின்றது.

"கண்ணு மைகூடத் தெரியுதே," என்றார் பத்மாவதி. விஸ்வலிங்கமும் பயத்தை மறந்து முன்னால் சாய்ந்தார்.

படத்தின் கடைசிக்குப் போய், கறுப்பில் வெள்ளை எழுத்தாகப் பெயர்கள் வரும் இடத்தில் நிறுத்தினேன்.

"அக்கா, வலது பக்கம் மேல் மூலையைப் பாருங்க."

அவர் கிட்டே போனார். "எழுத்துக்குப் பக்கத்துல செவப்பா நெழல் மாதிரி இருக்கு. இவ்வளவு நாளாத் தெரியலையே."

"மங்கல்ல மறைஞ்சிருந்துச்சு. இப்பப் படம் சுத்தமாயிடுச்சு, அதான் தெரியுது."

"அதையும் எடுத்துடேன்."

"முடியாதுக்கா. கம்ப்யூட்டர்ல என்ன பண்ணினாலும் போகாது. செய்யும்போதே உள்ள கம்பிச்சுருளைக் கோணலா ஒட்டிட்டாங்க. ஃபேக்டரியிலேயே தள்ளியிருக்கணும்."

"ஃபேக்டரியில இவருக்குப் பரிசாக் குடுத்ததும்மா, இருவது வருஷ சர்வீஸுக்கு."

நான் விஸ்வலிங்கத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் மனைவியிடம் சொன்னார். "பாஸ் பண்ணினதே இவதான். பின்னாடி இவ நம்பர்தான் இருக்கு. அதுக்குத்தான் வேலையை விட்டே தூக்கினோம்."

வசமாக வந்து மாட்டினார். டார்ச்சைப் பத்மாவதியிடம் கொடுத்தேன். "நீங்களே படிங்கக்கா. தேதியையும் சேத்து."

அவர் குனிந்து சத்தமாகப் படித்தார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"ஜூலை இருவத்தாறா? கோயில் திருநாள்னு மேரி லீவு போட்டுடுறா, லைன்ல ஆளில்லன்னு வருஷா வருஷம் நீங்கதானே வந்து பொலம்புவீங்க?"

விஸ்வலிங்கம் நாற்காலியில் உட்கார்ந்தார். "கண்டெய்னர் காத்துக்கிட்டு நின்னுச்சு பத்மா. மேலேருந்து பிரஷர். சாவி எங்கிட்ட இருந்துச்சு, நாந்தான் குத்தினேன். பழி ஏதாச்சும் வந்தா யார் மேல போடுறது, சொல்லு."

"இவ மேல போட்டீங்க." பத்மாவதியின் குரல் உயரவே இல்லை. "குருட்டு மேரின்னு வீட்டுல வந்து சொல்லிச் சிரிச்சீங்களே, அது இந்தப் பொண்ணுதானே? நானும் கூடச் சேந்து சிரிச்சேனே."

எனக்கு இரக்கம் துளிகூட வரவில்லை. சந்தோஷமாகவே இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? சாமான்களைப் பையில் போட்டுக் கட்டினேன்.

விஸ்வலிங்கம் எழுந்து சுவிட்ச் பக்கம் கையை நீட்டினார்.

"அணைக்காதீங்க," என்றார் பத்மாவதி. படத்தை முதலிலிருந்து ஓடவிடச் சொன்னார். ஓடவிட்டேன். நாற்காலியைத் திரைக்குக் கிட்டே இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"படம் இப்ப நல்லாத்தானே இருக்கு பத்மா?" என்றார் அவர், கெஞ்சுகிற மாதிரி.

"தெரியல. அந்த மூலையைத் தவிர வேற எதுவும் என் கண்ணுல படல."