எழுதிக்கொண்டிருக்கிறார்

சாப்பாட்டு மேசையில் ஒரு மடிக்கணினி திறந்தே கிடந்தது. பால் வாங்கி வந்து மீதியை எழுதலாம் என்று கிளம்பிய வீட்டுக்காரர், கடை வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. எல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் திரும்பிவிட்டார்கள். துணைக்கு நாத்தனார் மட்டும் தங்கினாள். மடிக்கணினியை இன்னும் யாரும் மூடவில்லை. மூட அவர் மனைவி விடவில்லை.

குழந்தைகளுக்கு வரும் ஒரு ரத்த நோயை ஆராய்ந்தவர் அவர். ஓர் ஊரில் நாலைந்து பிள்ளைகளுக்குத்தான் அந்த நோய் இருக்கும். அதை வைத்துக்கொண்டு என்னத்தைக் கண்டுபிடிக்க? அதனால் பல நாட்டு மருத்துவர்கள் சேர்ந்து இணையத்தில் ஒரு பொதுப் பக்கம் வைத்திருந்தார்கள். அவரவர் பார்த்ததை அதில் எழுதுவார்கள். ஒருவர் ஒரு பகுதியைத் திறந்தால் அது அவர் கையில் பூட்டிக்கொள்ளும். பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரியும். ‘எழுதிக்கொண்டிருக்கிறார்’ என்று எல்லா நாட்டுத் திரையிலும் தெரியும்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் மூடவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, திரை மங்கும்போதெல்லாம் ஓடிவந்து மவுசைத் தொட்டாள்.

“செத்தவனைத் தட்டித் தட்டி எழுப்புறியா?” என்றாள் நாத்தனார். “இதையே பாத்து அழுதா, உன் கடைக் கண்ணாடியெல்லாம் உனக்கே பத்தாது.”

“இருக்கட்டும், விடுங்க.”

அன்று மாலை திரையோரத்தில் ஒரு வரி வந்தது. கடல் தாண்டி இருக்கும் ஒரு பெண் மருத்துவர் எழுதியிருந்தாள். நேரில் பார்த்ததே இல்லை. எழுதி எழுதியே அவருக்குத் தங்கை ஆனவள்.

“அண்ணே, அடைகாக்குற கோழி மாதிரி மருந்தளவுப் பகுதி மேலயே உக்காந்திருக்கீங்க. குஞ்சு எப்ப பொரிக்கும்?”

மனைவி ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினாள்.

“அவர் இல்லை.”

“அண்ணியா? எங்க போயிட்டார்? பூட்டைப் போட்டுட்டு ஊர் சுத்துறார்னு நான் திட்டினதா வந்ததும் சொல்லுங்க.”

பாருங்கள், வெளியே போனவருக்கும் நாம் ‘இல்லை’ என்றுதான் சொல்கிறோம், போய்ச் சேர்ந்தவருக்கும் அதையேதான் சொல்கிறோம். உலகத்தில் ஒருத்திக்காவது அவர் இன்னும் வெளியே போனவராகவே இருந்தார். அதைக் கெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. பதில் போடாமல் விட்டாள்.

மறுநாள் காலை தொலைபேசி அடித்தது. அதே தங்கை. யாரோ சொல்லிவிட்டார்கள்.

“அண்ணி, எனக்குத் தெரியாது. நேத்து என்னென்னவோ கேலி பண்ணிட்டேன்.”

“பண்ணினா என்னம்மா. இருந்திருந்தா சிரிச்சிருப்பார்.”



“கேக்கவே வாய் வரல அண்ணி. அவர் கடைசியா எழுதினது அந்த மெஷின்ல மட்டும்தான் இருக்கு. நாங்க இங்கேருந்து பூட்டை உடைச்சா அழிஞ்சிடும். நீங்கதான் சேமிச்சிட்டு வெளியே வரணும். நாங்க அதைச் சரிபாக்காம மருந்தை ஆரம்பிக்க முடியாது. இங்க ஒரு பிள்ளை ரொம்ப மோசமா இருக்கு.”

“வெளியே வந்தா பச்சை போயிடுமா?”

“போயிடும்.”

“அப்புறம் வராதா?”



அவள் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தாள். கண்ணாடியை முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு, அவர் எழுதியதைப் படித்தாள். பாதிக்கு மேல் புரியவில்லை. கடைசி வரி மட்டும் புரிந்தது: ‘மிகச் சிறிய குழந்தைகளுக்கு இதிலும்’. அவ்வளவுதான். அதற்குள் பால் வாங்கப் போயிருக்கிறார்.

“கடைசி வரி பாதியில நிக்குதும்மா.”

“அதைப் பத்தி நாங்க பேசியிருக்கோம் அண்ணி. நான் முடிக்கிறேன்.”

“மறக்காம முற்றுப்புள்ளி வெச்சிடு. இல்லாட்டா அவருக்குப் பிடிக்காது.”

சேமித்தாள். பிறகு ‘வெளியேறு’ என்பதை அழுத்தினாள்.

திரை முகப்புப் பக்கத்துக்குப் போனது. அங்கே எல்லார் பெயர்களும் வரிசையாக இருந்தன. அவர் பெயருக்குப் பக்கத்தில் இருந்த புள்ளி சாம்பல் நிறமாகியிருந்தது. கீழே புதிதாக ஒரு வரி: ‘கடைசியாக இங்கிருந்தது: இப்போதுதான்.’

நாத்தனார் பின்னால் வந்து நின்று அதைப் படித்தாள். அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த வரி ‘ஒரு நிமிடத்துக்கு முன்’ என்று மாறும்வரை பார்த்திருந்துவிட்டு, அவள் மடிக்கணினியை மூடினாள்.