செந்தீனி

“இத்தனூண்டு பூச்சிக்கு இவ்வளவு எண்ணெய் எதுக்குக்கா?”

சிறுவனாக இருந்தபோது தம்பி தூர்கில்ஸ் ஸ்வனவைக் கேட்ட கேள்வி இது. கடல்நீர்க் குப்பியில் மிதந்த செந்தீனி, மீன்கள் தின்னும் அந்தச் சிவப்புக் கடற்பூச்சி, நொய்யரிசி அளவுதான் இருந்தது. உடம்பில் பாதி எண்ணெய். கோடையில் தின்று கொழுத்துக் குளிருக்கு முன்பே அடியாழத்துக்கு இறங்கிவிடும். இருட்டு மாதங்கள் முழுக்க வாய் திறக்காது. சேர்த்ததைக் கரைத்தே உயிர் பிழைக்கும், முட்டைக்கும் அதிலேயே மிச்சம் பிடிக்கும்.

“கீழே சோறு போட யாரு இருக்கா? அதான்டா,” என்றாள் அப்போது.

இப்போது அந்தத் தீனி ஹெர்ரிங் மீன்களின் வயிற்றில் இருந்தது. குடாவின் வாயை வலையால் அடைத்து, கொழுத்த கூட்டத்தை உயிரோடு நிறுத்தியிருந்தார்கள். வயிறு காலியாகாமல் உப்பில் போட்டால், பீப்பாய்க்குள் வயிறு வெடித்து அத்தனையும் நாறிப்போகும். தினமும் ஒரு மீனை அறுத்துப் பார்த்துச் சொல்வது, அப்பா போனபிறகு ஸ்வனவின் பொறுப்பு. அவள் சொல்லாமல் யாரும் அள்ளமாட்டார்கள்.

தென்மேற்கில் வானம் கறுத்தது.

“வலை தாங்காதுக்கா. இன்னைக்கே அள்ளிடலாம்.”

அவள் ஒரு மீனின் வயிற்றைக் கீறினாள். கத்தியில் தீனியின் சிவப்பு வழிந்தது.

“இன்னும் இருக்குடா.”

“கத்திய எங்கிட்ட குடு. என் கண்ணுக்கு எல்லாம் காலியாத்தான் தெரியும்.”

துடுப்பில் இருந்த கிழவர் ஆன்ஃபின் சிரித்தார். “உன் கண்ணுக்குப் போன வருஷம் பாறையே தெரியலையேப்பா!”

தூர்கில்ஸ் சிரிக்கவில்லை. “இந்த வலை போச்சுன்னா நமக்குத் தொழில் இல்ல. நான் திமிங்கில வேட்டைக் கப்பல்ல தெற்கே போயிடுவேன்.”

தெற்கே போன சித்தப்பா திரும்பவில்லை. வீட்டில் மிஞ்சியது இவர்கள் இருவர்தான். ‘அள்ளுங்க’ என்ற ஒரு சொல் அவனை நிறுத்திவிடும். அது நாக்குநுனி வரை வந்தது. ஆனால் குளிர்காலத்தில் எங்கோ ஒரு வீட்டில் அந்தப் பீப்பாயை நம்பித் திறப்பார்கள்.

“காலியாகல,” என்றாள்.

புயல் ஓய்ந்தபோது வலை பாறைகளில் கந்தலாகத் தொங்கியது. குடாவில் ஒரு மீன் இல்லை.

“நீ சொன்னது சரிதான்மா,” என்றார் ஆன்ஃபின். அது அவள் காதில் ஏறவில்லை.

தூர்கில்ஸ் பூட்ஸையும் மழையங்கியையும் பையில் திணித்தான். அவள் ரொட்டியும் உலர்ந்த மீனும் துணியில் முடிந்து மேசைமேல் வைத்தாள். அவன் அதை எடுத்துக்கொண்டான். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, தபால் படகு நின்ற துறைக்கு இறங்கிப் போனான்.