ஒப்பீட்டுக் குழு

பெரும்பாறைக்குக் கீழே, காப்பித் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிற அந்தத் தொடக்கப் பள்ளியில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் விசேஷப் பாடம் நடந்தது. வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளாகப் பார்த்துப் பொறுக்கி உட்கார வைத்து, வாசிக்கத் தெரியாமல் இருப்பது எப்படி என்று ஃபெமினா டீச்சர் சொல்லிக் கொடுத்தார்.

"மரம்னு போட்டிருந்தா ஒடனே மரம்னு சொல்லிரக் கூடாது. ‘ம’ல கொஞ்ச நேரம் நிக்கணும். அப்புறம் மோட்டுவளையப் பாக்கணும். அடுத்த எழுத்து மறந்துபோச்சு. புரியுதா?"

அஞ்சாம் வகுப்பு ரேவதிக்குப் புரியவில்லை. தெரிந்ததை எப்படி டீச்சர் மறக்கிறது என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். மூன்றாம் வகுப்பில் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, மறக்காதே மறக்காதே என்று ஒவ்வொரு எழுத்தாக மண்டையில் ஏற்றியது இதே டீச்சர்தான். மழைக்குப் பள்ளிக்கூடம் விட்ட நாளில்கூட அவளுக்குப் பாடம் இருந்தது. இப்போது மறப்பதற்கும் அவரே பயிற்சி கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு வாரந்தான் புள்ள, அடுத்த வெள்ளிக்கிழமை எல்லாரும் கடகடன்னு வாசிச்சிரலாம் என்றார்.

விஷயம் இதுதான். சென்னையிலிருந்து மனோஜ்குமார் என்று ஒருத்தர் வருகிறார். ‘மின்னல் வாசிப்பு’ என்கிற முறையைக் கண்டுபிடித்தவர். எழுத்தே தெரியாத பிள்ளையை ஒரே வாரத்தில் வாசிக்க வைத்துவிடுவார். திங்கட்கிழமை ஒரு சோதனை, வெள்ளிக்கிழமை ஒரு சோதனை, இரண்டையும் வீடியோ எடுப்பார். முறை பலித்தால் பள்ளிக்கு ஒரு ஸ்மார்ட் போர்டு. தலைமையாசிரியர் மரியசெல்வம் சார் நன்றாக யோசித்தார். நிஜமாகவே வாசிக்கத் தெரியாத பிள்ளைகளைக் கொடுத்து, வெள்ளிக்கிழமையும் அவர்கள் வாசிக்காமல் நின்றால், அவ்வளவு தூரம் வந்த விருந்தாளியின் மனசு என்ன பாடுபடும்? ஆகவே அவர்களை அந்த வாரம் முழுக்க மைதானத்தில் கபடி ஆட அனுப்பிவிட்டார். கல்வித் திட்டங்களால் அந்தப் பிள்ளைகள் கண்ட ஒரே சுகம் அதுவாகத்தான் இருக்கும்.

ரேவதிக்கு ஸ்மார்ட் போர்டைப் பற்றிக் கவலையில்லை. வெள்ளிக்கிழமை அம்மா வருகிறது என்பதுதான் அவளுக்குச் செய்தி.

அம்மா பெத்தம்மாளுக்குத் தோட்டத்தில் மிளகு பறிக்கிற சோலி, எழுத்து தெரியாது. மூத்தவன் பாண்டி இதே பள்ளியில் அஞ்சாவது முடித்தவன். இன்றைக்கும் பஸ் வந்தால் போர்டைப் பார்க்காமல் கண்டக்டரின் வாயைப் பார்ப்பான். அந்தச் சூடு பெத்தம்மாளுக்கு ஆறவில்லை. ஆறாம் வகுப்புக்கு ரேவதியைக் கொடைக்கானலில் சிஸ்டர்களின் விடுதியில் சேர்க்கலாம் என்று ஃபெமினா டீச்சர் வீடு தேடிப் போய்ப் பேசியபோது, ஒரே வார்த்தைதான் சொன்னாள். இவ வாசிக்கிறத நாலு பேரு முன்னாடி எங் காதால கேக்கணும், கேட்டா அனுப்புறேன், இல்லாட்டி எங்கூட மிளகுக்கு வரட்டும். டீச்சர்தான் வெள்ளிக்கிழமை விழாவுக்கு வரச் சொல்லியிருந்தார்.

திங்கட்கிழமை மனோஜ்குமார் வந்து இறங்கினார். குளிரே இல்லாத இடத்தில் குளிருக்கான கோட்டு. ஒவ்வொரு பிள்ளையாகக் கேமரா முன்னால் நின்று ‘மரம்’ என்ற சொல்லோடு மல்லுக்கட்டியது. சிலர் சுமாராகத்தான் செய்தார்கள். நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் மறந்துபோய் வாசித்துவிட்டு, பிறகு மறந்ததாகத் திருத்திக்கொண்டான். ரேவதி அப்படியில்லை. எந்த வேலையையும் ஒழுங்காகச் செய்து பழகியவள். எழுத்துக்கு அடியில் விரலை வைத்தாள். உதட்டைக் குவித்தாள். "ம..." என்று இழுத்து, மோட்டுவளையைப் பார்த்து, அங்கேயும் ஒன்றும் கிடைக்காமல் தலை குனிந்து நின்றாள். மனோஜ்குமார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

"இந்தக் குழந்தைய யாரும் தொடாதீங்க. இவ அப்படியே இருக்கட்டும்" என்றார்.

நன்றாக நடித்ததற்குக் கிடைத்த பரிசு அது. ஆராய்ச்சி என்றால் மருந்து கொடுத்த கூட்டம் ஒன்றும், கொடுக்காத கூட்டம் ஒன்றும் வேண்டுமாம். கொடுக்காத கூட்டத்துக்கு ஒப்பீட்டுக் குழு என்று பெயர். ரேவதியும் இன்னும் நாலு பிள்ளைகளும் வராந்தாவுக்கு மாற்றப்பட்டார்கள். அவர்கள் கண்ணில் ஓர் எழுத்தும் படக் கூடாது என்பது உத்தரவு. மரியசெல்வம் சார் அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. சுவரில் இருந்த வேத வசனத்தின் மேல் காலண்டர் தாளை ஒட்டினார். சாம்பார் சாதம் என்று எழுதிய சத்துணவுப் பலகையைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தார். வகுப்புக்குள்ளே மின்னல் அடிக்கிற மாதிரி கைதட்டி, குதித்து, பாட்டுப் பாடி, மற்றப் பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்த எழுத்துகளை ஒரு நாளைக்குக் கொஞ்சம் என்ற கணக்கில் தெரிந்துகொண்டார்கள்.

நடுவில் ஒரு நாள் மனோஜ்குமார் தோட்டத்துக்குப் போய்ப் பெத்தம்மாளைப் பார்த்திருக்கிறார். போனில் மகளுடைய வீடியோவைக் காட்டி, அஞ்சு வருஷம் படிச்ச பிள்ளை நிலைமையைப் பாருங்கம்மா என்று இரக்கப்பட்டிருக்கிறார். சாயங்காலம் வீட்டுக்கு வந்த பெத்தம்மாள் ஒன்றும் திட்டவில்லை. மரம்னுகூடத் தெரியலயா உனக்கு என்று மட்டும் கேட்டாள். ரேவதிக்கு அழுகை வந்தது. வெள்ளிக்கிழமை வந்து பாரும்மா என்றாள்.

வியாழக்கிழமை ஃபெமினா டீச்சர் அவளைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கூப்பிட்டார். நாளைக்கு ஒப்பீட்டுக் குழுவும் மேடையில் வாசிக்க வேண்டும். அதாவது வாசிக்கக் கூடாது. பாடம் நடந்த பிள்ளைகள் வாசிப்பார்கள், நடக்காத பிள்ளைகள் திணறுவார்கள், அப்போதுதான் முறைக்கு மதிப்பு. இதைச் சொல்லும்போது டீச்சர் ரேவதியின் முகத்தைப் பார்க்கவில்லை, தொட்டியின் குழாயைப் பார்த்துச் சொன்னார்.

"நாளைக்கு அம்மா வருது டீச்சர்."

"தெரியும் புள்ள. அம்மாகிட்ட நான் தனியாச் சொல்லிக்கிறேன். மூணாப்புலருந்தே நீ வாசிக்கிறவன்னு நானே சொல்றேன். எம்மேல நம்பிக்கை இல்லையா?"

நம்பிக்கை இருந்தது. அந்த மலையில் ரேவதி முழுசாக நம்பிய ஆள் அம்மாவுக்கு அடுத்து டீச்சர்தான். டீச்சருடைய வேலை நிரந்தரமாவதற்கான கோப்பு நிர்வாகத்தின் மேஜையில் வருஷக்கணக்காகக் கிடக்கிறது என்பதும், அதை நகர்த்துகிற கை மரியசெல்வம் சாருடையது என்பதும் பத்து வயசுப் பிள்ளைக்குத் தெரிய நியாயமில்லை.

வெள்ளிக்கிழமை பெத்தம்மாள் வெள்ளனே வந்துவிட்டாள். பெட்டியிலிருந்த சேலை. ஒண்ணாம் வகுப்புப் பெஞ்சில் முழங்காலை மடக்கிக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மேடையில் மரியசெல்வம் சார், தனக்குத் தானே வாங்கி வைத்திருந்த பொன்னாடையை மனோஜ்குமார் போர்த்திவிட வசதியாகத் தலையைச் சாய்த்துக் கொடுத்தார். மின்னல் பிள்ளைகள் கடகடவென்று வாசித்தார்கள். கைதட்டல் ஓயக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு ஒப்பீட்டுக் குழு. நாலு பேரும் சொல்லிக் கொடுத்தபடி நன்றாகவே திணறினார்கள்.

ரேவதி அட்டையை வாங்கினாள். எழுத்துக்கு அடியில் விரலை வைத்தாள். "ம..." என்றாள். அடுத்து மோட்டுவளையைப் பார்க்க வேண்டும். நிமிர்ந்தபோது கடைசி பெஞ்சில் அம்மாவின் வாய் தெரிந்தது. மகள் எந்த எழுத்தில் நிற்கிறாள் என்று தெரியாமலே, அந்த வாய் காற்றை மென்று, பாரத்தைப் பின்னாலிருந்து தள்ளுகிற மாதிரி தள்ளிக்கொண்டிருந்தது.

"மழை நின்றது. ஓடையில் தண்ணீர் நிறைந்தது. அக்கா பாலத்தைக் கடந்து சந்தைக்குப் போனாள்" என்று வாசித்தாள் ரேவதி. ஆரம்பித்த பிறகு நிறுத்தத் தெரியவில்லை. அடியில் பொடி எழுத்தில் இருந்த ‘அனைத்து உரிமைகளும் பாதுகாக்கப்பட்டவை’யையும், அச்சடித்த கடையின் பெயரையும், போன் நம்பரையும் சேர்த்து வாசித்தாள்.

மரியசெல்வம் சாரின் தோளிலிருந்து பொன்னாடை நழுவியது. ஃபெமினா டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

மனோஜ்குமார் மட்டும் அசரவில்லை. ஆராய்ச்சியாளர்களை உண்மை அவ்வளவு சுலபத்தில் சாய்த்துவிட முடியாது. எழுந்து, மைக்கைப் பிடித்து, தன் கண்ணையே நம்ப முடியவில்லை என்றார். இந்தக் குழந்தைக்கு நாங்கள் ஓர் எழுத்துகூடச் சொல்லித் தரவில்லை. உள்ளே நடந்த பாடம் சுவரைத் தாண்டி வராந்தாவில் இருந்தவளையும் எட்டியிருக்கிறது. இதற்குப் பெயர் பரவல் விளைவு. நானே எதிர்பார்க்கவில்லை என்றார். முதலில் கைதட்டியது மரியசெல்வம் சார்.

பெத்தம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். மகளின் கன்னத்தைத் தடவினாள். நெசமா ஒரு வாரத்துலயா சார் என்று கேட்டாள். ஒரு வாரம்கூட இல்லம்மா, சும்மா பக்கத்துல இருந்ததுக்கே என்றார் மனோஜ்குமார். பெத்தம்மாள் விரல்விட்டு எண்ணினாள்.

"அப்ப ஏழு வருசம் ஆஸ்டல்ல எதுக்கு டீச்சரம்மா? மிச்சப் படிப்புக்கும் இந்த சார் வர்றப்பச் சொல்லி விடுங்க. ஒரு வாரம் அனுப்பி வைக்கிறேன்."

ரேவதி அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தாள். "எம்மா, எனக்கு மூணாப்புலயே வாசிக்கத் தெரியும்மா."

"திங்கக்கெழம முழிச்சத நாந்தான் போன்ல பாத்தேனே."

"அது டீச்சர் சொல்லித்தாம்மா அப்படி நின்னேன். நீ வேணா டீச்சரக் கேளு."

பெத்தம்மாள் திரும்பினாள். ரேவதியும் திரும்பினாள், பயமில்லாமல். டீச்சர்தான் சொல்கிறேன் என்றிருக்கிறாரே. மரியசெல்வம் சார் பொன்னாடையைச் சரிசெய்தபடி டீச்சரைப் பார்த்தார். கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஃபெமினா டீச்சர் சிரித்தார். "சின்னப்புள்ளதானங்க. சந்தோசத்துல என்னத்தையாவது சொல்லும்."

மூன்று வருஷத்துத் தன் உழைப்பையும் சேர்த்துத்தான் அந்த ஒரு சிரிப்பில் அவர் இல்லையென்று சொன்னார். அதைக் கவனிக்க அங்கே யாருக்கும் நேரமில்லை.

"பொய் வேற பழகிக்கிட்டா" என்று பெத்தம்மாள் மகளின் தலையில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினாள். சந்தோஷமாகத்தான் இருந்தாள். ஜீப் வந்துரும், வெரசா வா என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

மனோஜ்குமார் ரேவதியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கேமராவைப் பக்கத்தில் வரச் சொன்னார். முதல் முதலா வாசிச்சப்ப எப்படி இருந்துச்சு கண்ணா என்று கேட்டார்.

"அத இன்னும் டீச்சர் சொல்லித் தரலைங்க" என்றாள் ரேவதி.

எவ்வளவு கள்ளமில்லாத பிள்ளை என்று அவர் உருகிவிட்டு, இன்னொரு தடவை எடுத்துவிடலாம் என்றார். ஃபெமினா டீச்சர் வந்து அவள் தோளில் கையை வைத்துக் குனிந்தார். "ரொம்பச் சந்தோசமா இருந்துச்சுன்னு சொல்லு புள்ள" என்று காதோடு சொன்னார்.

ரேவதி அப்படியே சொன்னாள். பிறகு தோளிலிருந்த கையை, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமானை எடுக்கிற மாதிரி எடுத்துக் கீழே விட்டுவிட்டு, அம்மா போன பக்கம் நடந்தாள். மேட்டில் தோட்டத்து ஜீப் ஆரன் அடித்துக்கொண்டிருந்தது.