வெறும் தாள்

பார்வையற்றோர் பள்ளி அச்சகத்தில் அக்கா பிழை திருத்துபவள். அவளுக்கும் பார்வை கிடையாது. அச்சாகி வரும் பிரெயில் புள்ளிகளை விரலால் தடவிப் படித்து, தப்பிருந்தால் சொல்லுவாள். பாட வரிகளைப் புள்ளிகளாக மாற்றும் மென்பொருளை எழுதியவன் அவள் தம்பி. எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓடும்படி எழுதியிருந்ததில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனம்.

பள்ளிக்குப் புதுக் கம்ப்யூட்டர்கள் வந்தபோது, பழையதில் ஒன்றையாவது வைத்துக்கொள்ளலாம் என்றாள் அக்கா.

"எதுக்குக்கா அந்தக் குப்பை? நான் எழுதினது எதுல போட்டாலும் ஓடும்."

அவன் பேச்சை நம்பி, தலைமையாசிரியை எல்லாவற்றையும் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிட்டார்.

அவன் சொன்னது பொய்யில்லை. மென்பொருள் முதல் தடவையே திறந்தது. திரையில் புள்ளிகள் அழகாக வரிசை கட்டின. அச்சிடச் சொன்னதும் அச்சகத்தின் பழைய பிரெயில் பிரிண்டர் தாளை உள்ளே இழுத்து, அப்படியே வெளியே தள்ளியது. அக்கா மேலிருந்து கீழ்வரை தடவினாள்.

"வெறும் தாள்டா."

கம்ப்யூட்டர் சொல்வதை பிரிண்டருக்குப் புரியவைப்பது டிரைவர் என்ற இன்னொரு சின்ன மென்பொருள். அது பழைய கம்ப்யூட்டர்களுக்கென்றே எழுதப்பட்டது. பிரிண்டரைச் செய்த நிறுவனத்தை மூடி ஏழு வருஷமாகிவிட்டது. டிரைவர் இல்லை என்று அவன் விளக்கியபோது, வேறு டிரைவரை வரச் சொல்லக் கூடாதா என்று தலைமையாசிரியை வெள்ளந்தியாகக் கேட்டார். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. இரும்புக் கடைக்கு ஓடினான். அங்கே எல்லாவற்றையும் உடைத்துப் பிரித்தாயிற்று.

இரண்டு வாரம் லீவு போட்டு, தானே ஒரு டிரைவர் எழுதிப் பார்த்தான். புள்ளி விழுந்தது, ஆனால் இடம் மாறி விழுந்தது. பிரெயிலில் ஒரு புள்ளி நகர்ந்தால் எழுத்தே வேறு. அரைப் பக்கம் படித்துவிட்டு அக்கா கையை எடுத்துக்கொண்டாள்.

அந்த முறை தேர்வில் கேள்விகளை வாசித்துத்தான் காட்டினார்கள். கணக்குத் தேர்வில் ஒரு பெண் மூன்று தடவை திரும்பப் படிக்கச் சொல்லிவிட்டு, நாலாவது தடவை கேட்கக் கூச்சப்பட்டு அந்தக் கேள்வியையே விட்டுவிட்டாளாம். அக்காதான் சொன்னாள்.

"என்மேல கோபமாக்கா?"

"கோபமெல்லாம் இல்லடா. ஒண்ணாவது இருக்கட்டும்னு சொன்னேன். நீ காதுலயே வாங்கல. அதான் மனசுக்குக் கஷ்டமா இருக்கு."

அடுத்த வருஷம் பள்ளி வேறு பிரிண்டர் வாங்கியது. பழையது தாளின் இரண்டு பக்கமும் அடிக்கும். இது ஒரு பக்கம்தான். ஒவ்வொரு புத்தகமும் இரண்டு மடங்கு தடித்துப் போனது. அவன் பள்ளிக்கு வரும் நாட்களில், பிள்ளைகள் பையைத் தோளில் ஏற்றிவிட்டுக்கொண்டு படியேறி வந்தால், சுவரோரம் ஒதுங்கி வழி விடுகிறான்.