உள்ளே இருக்கிறவனுக்கு எந்த விசா

1997 ஜூன் மாதம் பொம்மனஹள்ளியில், தனலக்ஷ்மி காலையில் பாயை உதறும்போதெல்லாம் அரைப்படி மணல் கொட்டியது. பெங்களூரில் மணல் என்றால் லாரியில் வருவது, பழுப்பாக, கூழாங்கல்லோடு இருக்கும். இது மாவு போல நைசாக, வெளிர் மஞ்சளாக இருந்தது. அவள் ஜன்னலை அடைத்துப் பார்த்தாள், பாயை மாற்றிப் பார்த்தாள், மணல் நிற்கவில்லை. எட்டு மாதக் கர்ப்பத்தோடு தினமும் குனிந்து கூட்டுவது அவளுக்கு எரிச்சலாக இருந்தது. அவள் கர்ப்பமான புதிதில் வளைகுடாவுக்குப் போய் அப்போதுதான் திரும்பியிருந்த அவள் கணவன் குணசேகரின் துணியில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று எல்லாவற்றையும் துவைத்துப் போட்டாள். மறுநாளும் மணல் இருந்தது. பிறகு மழை பிடித்தது. ஓசூர் ரோட்டில் முழங்கால் அளவு தண்ணீர் நின்ற ஒரு மாலையில் குணசேகர் பஸ்ஸிலிருந்து இறங்கிக் குடையில்லாமல் நடந்து வந்தான். அவன் நனையவில்லை. அவன்மேல் மட்டும் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

அந்த வெயில் ஒரு கட்டிலின் அகலத்துக்கு இருந்தது; அவன் போகும் இடமெல்லாம் கூடவே வந்தது. கூரை அதைத் தடுக்கவில்லை. அந்த நாட்டுக் கடிகாரம் நம்முடையதைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடுவதால், பொம்மனஹள்ளியில் இருட்டிய பிறகும் அவன்மேல் வெகுநேரம் வெளிச்சம் இருந்தது. கரண்ட் போன நாட்களில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்தோடு அவனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பெண்கள் மிளகாய் வற்றலை முறத்தில் கொண்டுவந்து அவன் காலடியில் வைத்துவிட்டு, "அண்ணா, கொஞ்சம் அசையாம உக்காருங்க" என்றார்கள். சூரியன் போன பிறகும் அனல் தணியவில்லை. அடுப்பை அணைத்த சமையலறை போல விடியும்வரை தகித்தது. வீட்டுக்காரம்மா லட்சுமம்மா வந்து சுவரில் விட்டிருந்த விரிசலைத் தடவிப் பார்த்து, "ஏனம்மா இது, நான் வாடகைக்கு உட்டது மனுசனுக்கா, சூளைக்கா?" என்று கன்னடம் கலந்த தமிழில் கேட்டாள். பொம்மசந்திராவில் அவனுடைய பழைய மருந்துக் கம்பெனி அவனை மறுபடியும் ஃபிட்டராக எடுத்துக்கொண்டது. குளிர் அறையில் வைத்திருந்த மருந்துகள் கெட்டதும் வெளியே அனுப்பியது. அவனுடைய அப்பா ஆதிகேசவன் மட்டும் மகனை ஒட்டி உட்கார்ந்து பீடி குடித்தார். கோலார் தங்கவயலில் பூமிக்கு அடியில் பாறைக்கு வெடி வைத்து வாழ்ந்தவர் அவர். "கீழ் லெவல்ல நாங்க பாத்த சூட்டுக்கு இது மார்கழிடா" என்றார்.

ஜூலையில் பெண் குழந்தை பிறந்தது. அந்தக் குடும்பத்தில் குழந்தையை அப்பா மடியில் வாங்கி, காதில் மூன்று முறை பெயரைச் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் மற்றவர்கள் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடலாம். பெயர் வைக்கும் நாளில் தனலக்ஷ்மி குழந்தையை நீட்டினாள், குணசேகர் வாங்கினான். பெயரின் முதல் எழுத்தை அவன் சொல்வதற்குள் குழந்தையின் உதடு காய்ந்தது, முகம் செங்கல் நிறமானது, கண்ணில் மணல் விழுந்தது. தனலக்ஷ்மி பிடுங்கிக்கொண்டாள். டாக்டரம்மா பார்த்துவிட்டு, இன்னும் சற்று நேரம் வைத்திருந்தால் பிழைத்திருக்காது என்று சொன்னார். அன்றிலிருந்து குணசேகர் வாசலுக்கு வெளியே சாக்கு விரித்துப் படுத்தான். குழந்தை பெயரில்லாமல் வளர்ந்தது. பார்க்க வந்தவர்கள் பெயர் என்ன என்று கேட்டபோதெல்லாம் தனலக்ஷ்மிக்குக் கோபம் வந்தது. அது அழுது தீரும் கோபமாக இல்லை. யாரிடம் போக வேண்டும் என்று தெரிந்துகொண்ட கோபமாக இருந்தது.

விசா எப்படி வேலை செய்கிறது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். இதைச் சொல்லாமல்தானே அத்தனை பேரையும் விமானம் ஏற்றினார்கள். ஒரு நாடு தன்னிடம் வருகிறவரை, நீ யார் என்பதைவிட எதற்கு வருகிறாய் என்றுதான் அதிகம் கேட்கும். ஊரையோ உறவையோ பார்க்க வருகிறவருக்கு விசிட் விசா. அதை வைத்துக்கொண்டு ஒரு செங்கல்லைக்கூடக் கூலிக்குத் தூக்கக் கூடாது. வேலைக்கு வருகிறவருக்கு வேலை விசா. அதை அங்கிருக்கும் முதலாளி, ஆள் கிளம்புவதற்கு முன்பே எடுத்து அனுப்ப வேண்டும், சம்பளம் எழுத்தில் இருக்க வேண்டும், அதிகம் படிக்காதவர் என்றால் அந்த ஒப்பந்தத்தை நம் அரசாங்க அலுவலகத்திலும் காட்டியாக வேண்டும். வழியில் இறங்கி வேறு தேசம் போகிறவருக்கு டிரான்சிட் விசா. எந்த விசாவானாலும் உள்ளே போகும்போது ஒரு முத்திரை, வெளியே வரும்போது ஒரு முத்திரை. முதல் முத்திரை திறப்பது, இரண்டாவது மூடுவது. மூடும் முத்திரை விழாதவரை, அந்த நாட்டைப் பொறுத்தவரை ஆள் உள்ளேதான் இருக்கிறான்.

சிவாஜிநகரில் ஏஜெண்ட் நாகேஷுக்கு இதெல்லாம் தலைகீழாகத் தெரியும். வேலை விசா என்றால் ஒப்பந்தம் வேண்டும், ஒப்பந்தத்தில் பொய் எழுதினால் மாட்டிக்கொள்வோம் என்பதும் தெரியும். அதனால்தான் குணசேகருக்கு விசிட் விசா எடுத்தான். "அங்க போயி மாத்திக்கலாம் பிரதர், எல்லாரும் அப்டித்தான் போறாங்க" என்றான். மாற்றித் தருவதாகச் சொன்ன முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கி இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினான். ஃபிட்டர் வேலை என்று கூட்டிப் போனவனைக் கட்டிடத்தில் கல் சுமக்க வைத்தான். சம்பளம் நின்றபோது குணசேகர் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனான். அங்கிருந்தவர் அவன் விசாவைப் பற்றி விசாரித்துவிட்டுச் சிரித்தார். ஊர் பார்க்க வந்தவனுக்கு ஏது சம்பள பாக்கி? கடைசியில் அந்த அரசாங்கம் பொது மன்னிப்பு அறிவித்தது. நம் தூதரகம் பாஸ்போர்ட் இல்லாதவர்களுக்கு ஊர் திரும்ப ஒற்றைத் தாள் கொடுத்தது. விமான நிலையத்தில் தலையை எண்ணி, தாளை வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். பாஸ்போர்ட் பீரோவில் இருந்தது, அதனால் மூடும் முத்திரை விழவில்லை. குணசேகர் பெங்களூர் வந்து சேர்ந்தான். ஆனால் சட்டப்படி அவன் அங்கேயே இருந்தான். அந்த நாடு, உள்ளே இருக்கிறவனுக்குச் சேர வேண்டிய வெயிலையும் மணலையும் ஒரு நாளும் தவறாமல் அனுப்பிக்கொண்டிருந்தது. சம்பளத்தை மட்டும் அனுப்பவில்லை.

தனலக்ஷ்மி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நாகேஷிடம் போனாள். அவன் பதறவில்லை. வெயில் பிரச்சினைக்கு வழி இருக்கிறது, ஒரு முறை முறையாக உள்ளே போய்விட்டு முறையாக வெளியே வந்தால் சரியாகிவிடும் என்றான். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. முதலில் வேலை விசாவுக்கு எழுதினான், திரும்பி வந்தது. விசிட் விசாவுக்கு எழுதினான், அதுவும் திரும்பி வந்தது. டிரான்சிட் விசா யாருக்கும் மறுக்கப்படுவதில்லை, விமான டிக்கெட்டைக் காட்டினால் போதும் என்று அதற்கும் எழுதினான். அதுவும் திரும்பி வந்துவிட்டது. ஒவ்வொன்றுக்கும் கட்டணம் வாங்கிக்கொண்டான்.

"நான் என்னம்மா பண்றது? ஆளு ஏற்கெனவே உள்ள இருக்கான்னு கம்ப்யூட்டர் சொல்லுதாம். உள்ள இருக்கறவனுக்கு எப்டி விசா குடுப்பாங்க?"

தனலக்ஷ்மி அந்த வாக்கியத்தை மனசுக்குள் ஒரு முறை திருப்பிப் பார்த்தாள்.

"யோவ், உள்ள இருக்கறவனுக்கு உள்ள போற விசாவ மூணு தடவ வித்திருக்கியே, உனக்கு வெக்கமா இல்ல? அவருக்கு வெளிய வர்ற முத்திரைதானே வேணும்?"

"அதுக்கு பாஸ்போர்ட் வேணும் சிஸ்டர். அது அந்தாளு பீரோல இருக்கு."

"எடுக்க வை."

"எப்டி எடுக்கறது?"

"அனுப்பத் தெரிஞ்சுதில்ல? அப்டித்தான்."

அவன் டீ சொல்லட்டுமா என்று கேட்டான். அவள் எழுந்து போய்விட்டாள். மறுநாள் காலை அலுவலகம் திறந்ததும் குணசேகரைக் கூட்டிவந்து ஏசிக்கு நேர் கீழே நாற்காலியில் உட்கார வைத்தாள். ஆதிகேசவனும் கூட வந்து, பக்கத்து நாற்காலியில் அமர்ந்து பேப்பர் படித்தார். அவள் குழந்தையோடு வெளியே படிக்கட்டில் இருந்தாள். மதியத்துக்குள் ஏசி நின்றது. சுவரில் ஒட்டியிருந்த வெளிநாட்டுக் கட்டிடப் படங்கள் பசை உருகிக் கீழே விழுந்தன. ஃபேக்ஸ் மிஷினில் தாளுக்குப் பதிலாக மணல் வந்தது. விசா கேட்டு வந்தவர்களுக்கு வாசலிலேயே மூச்சு முட்டியது. என்ன வெயில் இது என்று கேட்டவர்களுக்கெல்லாம் தனலக்ஷ்மி உட்கார வைத்து, விசிட் விசா எது, வேலை விசா எது என்று விளக்கினாள். அவர்கள் பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். நாகேஷ் போலீஸைக் கூப்பிட்டான். வந்த கான்ஸ்டபிள் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்து, நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கிறவர்மேல் என்ன கேஸ் போடுவது, வெயிலின் மேலா என்று கன்னடத்தில் கேட்டுவிட்டுப் போனார்.

"பெரியவரே, நீங்களாவது சொல்லுங்க" என்றான் நாகேஷ்.

"இன்னா சொல்லணும்? எனக்கு இங்க நல்லாத்தான் இருக்கு" என்றார் ஆதிகேசவன்.

அந்த வாரம் முழுக்க வந்தார்கள். அக்டோபர் மழை ஊரைக் கழுவிக்கொண்டிருந்தபோது நாகேஷின் அலுவலகத்தில் மட்டும் கோடை. பிளாஸ்டிக் பூச்செடி வளைந்து தரையில் படுத்தது. மேஜைக் கண்ணாடியில் விரிசல் விட்ட அன்று அவன் போனை எடுத்தான். வளைகுடாவில் அவனுடைய மச்சான்தான் ஆட்களை அந்த முதலாளியிடம் சேர்க்கிறவன். முதலாளிக்கு இனி ஆள் வராது என்று மச்சான் சொன்னதும் பீரோ திறந்தது. அதுவரைக்கும் பாஸ்போர்ட் தொலைந்துவிட்டதாகச் சாதித்த முதலாளி, அதன்மேல் இருந்த தூசியைக்கூடத் துடைத்துக் கொடுத்தான். அதிக நாள் தங்கிய அபராதத்தை நாகேஷ் தன் கையிலிருந்து கட்டினான். மச்சான் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு விமான நிலையத்தில் வெளியேறும் கவுண்டருக்குப் போனான். அதிகாரி ஆள் எங்கே என்று கேட்டார். உங்கள் கம்ப்யூட்டரில் பாருங்கள் என்றான் மச்சான். அவர் பார்த்தார். ஆள் உள்ளே இருந்தார், வந்த தேதி இருந்தது, அபராதம் கட்டியாயிற்று, வெளியேறத் தடை எதுவும் இல்லை. கவுண்டருக்கு முன்னால் யாரும் தெரியவில்லைதான். ஆனால் ஆள் நாட்டில் இல்லை என்று சொன்னால் தன் அரசாங்கமே இத்தனை மாதம் பொய் சொல்லியிருக்கிறது என்று ஆகும். அதை அவர் சொல்லத் தயாராக இல்லை. முத்திரையைக் குத்தினார்.

சிவாஜிநகரில் அப்போது குணசேகர் நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தான். வெயில் அவன் தோளிலிருந்து இறங்கி, முழங்காலுக்கு வந்து, தரையில் கொஞ்ச நேரம் கிடந்து, இல்லாமல் போனது. அவனுக்குக் குளிர் எடுத்தது. படி இறங்கித் தெருவில் நின்றான், மழை அவன்மேல் விழுந்தது. தனலக்ஷ்மி அவன் கையைத் தொட்டுப் பார்த்தாள், நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், பிறகு அங்கேயே, பக்கத்து லாண்டரிக்கடைக் கூரையின் கீழ், தலையைத் துவட்டச் சொல்லிக் குழந்தையை அவன் கையில் கொடுத்தாள். அவன் குனிந்து, மகா, மகா, மகா என்று காதில் சொன்னான். குழந்தை அவன் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தது. நன்றி சொல்லிவிட்டு வரலாமா என்று குணசேகர் கேட்டதற்கு, "எவனுக்கு?" என்றாள் தனலக்ஷ்மி. நாகேஷின் மேல் இருந்த அவள் கோபம் கடைசிவரை குறையவில்லை.

அடுத்த வருஷங்களில் இன்னும் பலர் அவளைத் தேடி வந்தார்கள். பொம்மசந்திராவிலிருந்து ஒருவர் மலேசிய மழையோடு வந்து, வீட்டுக்குள் வராமல் வாசலிலேயே சொட்டிக்கொண்டு நின்றார். ஒக்கலிபுரத்திலிருந்து ஒரு பெண் எந்நேரமும் கடல் காற்றில் கலையும் தலைமுடியோடு வந்தாள். தனலக்ஷ்மி யாரிடமும் எந்த நாடு என்று முதலில் கேட்பதில்லை. வெளியேறும் முத்திரை விழுந்ததா என்றுதான் கேட்பாள். விழவில்லை என்றால் உள்ளே போகிற விசா எதையும் வாங்கக் கூடாது; பாஸ்போர்ட் யார் பீரோவில் இருக்கிறதென்று கண்டுபிடித்து, உங்களை அனுப்பியவனையே அதை எடுக்க வைத்து, வெளியேறும் கவுண்டரில் முத்திரை குத்த வைக்க வேண்டும்; அது விழுந்த உடனே வெயிலானாலும் மழையானாலும் நின்றுவிடும்.