அதே பதில்

மூக்கம்மாள் வலது கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தாள். எதிரே, மதுரையிலிருந்து ஜீப்பில் வந்திருந்த லட்சுமிகாந்தம் கேள்வித்தாளை விரித்தாள். போன மாதமும் அவள் இதே தாளோடு வந்திருந்தாள்.

அன்று விஸ்வநத்தத்துக்குள் அவளைக் கூட்டிவந்து வீடு காட்டியவர் பட்டாசுக் கம்பெனிக் கணக்குப்பிள்ளை. அது போதாதா? அறுபத்து மூன்றாம் வருஷத்துத் தீபாவளி சீசன் நெருங்கும் நேரம். உழைக்கிற உடம்பு எது, நோஞ்சான் எது என்று கம்பெனிதான் ஆள் விட்டுப் பார்க்கிறது என்று தெருவே முடிவு கட்டிவிட்டது. கனம் தூக்குவீர்களா, எவ்வளவு தூரம் நடப்பீர்கள் என்று கேட்டதற்கெல்லாம் மூக்கம்மாள் ஒன்றுக்கு இரண்டாகச் சொன்னாள். அடுத்த வாரமே அவளை வேலைக்குக் கூப்பிட்டார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். அவளுக்கு அது எப்படித் தெரியும்?

ஒரு கேள்வி மட்டும் அவளைச் சிரிக்க வைத்தது. உடம்பு நன்றாயிருக்க ஓடுவதுண்டா என்று இங்கிலீசில் எவனோ கேட்டதை அப்படியே தமிழாக்கி வைத்திருந்தார்கள். “எதுக்கும்மா ஓடணும்? யாரு வெரட்டுறா?” என்றாள். லட்சுமிகாந்தமும் சிரித்துவிட்டு, அவள் கொடுத்த செம்பை வாங்கித் தண்ணீர் குடித்தாள். அந்தத் தெருவில் மேல்சாதிக்காரர் யாரும் கை நனைத்ததில்லை. மூக்கம்மாளுக்கு மனசு நிறைந்துபோயிற்று.

போன வாரம் வெடிமருந்து சலிக்கையில் பொறி பறந்து கையைப் பொசுக்கிவிட்டது. லேசான சூடுதான் என்று சொல்லிவிட்டு வந்தாள். கை சரியில்லையென்றால் வேறு ஆள் இருக்கிறது என்றார் கணக்குப்பிள்ளை. புருஷன் செத்த வீட்டில் அடுப்பெரிய அந்தக் கை ஒன்றுதான் உண்டு. வேப்பெண்ணெய் தடவித் துணி சுற்றியிருந்தாள். இப்போது துணி நாறியது. விரல்களில் உணர்ச்சியே இல்லை.

லட்சுமிகாந்தம் கேட்கக் கேட்க, மூக்கம்மாள் போன தடவை சொன்னதையே சொன்னாள். கனம் தூக்குவேன். தண்ணீர் சுமப்பேன். ஓட மாட்டேன்.

தாளை மடித்த லட்சுமிகாந்தம் குடிக்கத் தண்ணீர் கேட்டாள். இடது கையால் நீட்டினால் மரியாதையில்லை. வலது கையை நீட்டினால் பிழைப்பில்லை.

“எங்க வீட்டுத் தண்ணி உங்களுக்கு எதுக்கும்மா?” என்றாள் மூக்கம்மாள். சொல்லும்போதே நாக்கு கூசியது. லட்சுமிகாந்தத்தின் முகம் சுண்டிப்போனது. எழுந்து போய்விட்டாள்.

ஜீப் உறுமத் தொடங்கியபோது பக்கத்து வீட்டுப் பொன்னுத்தங்கம் வந்தாள்.

“ஏ மூக்கம்மா, அவுக கம்பெனி ஆளுக இல்லையாம். தமிழ்ல எழுதுன கேள்வி சரியா இருக்கான்னு பாக்காகளாம். ரெண்டு தடவையும் ஒரே பதில் வந்தா சரியாம். ஜீப்புல இருக்கவரு பெரியாசுபத்திரி டாக்டரு. நம்ம தெரு நாகையா கால் புண்ணுக்கு இப்பத்தான் கட்டுப் போட்டாரு.”

மூக்கம்மாள் ஓடினாள். முந்தானை மண்ணில் புரள, துணி சுற்றிய கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டே ஓடினாள். அவள் கத்தியது ஜீப் சத்தத்தில் எடுபடவில்லை. ஆமத்தூர் ரோட்டில் ஏறும்போது லட்சுமிகாந்தம் திரும்பிப் பார்த்தாள். புழுதிக்குள் ஆடும் கை மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

கோபமெல்லாம் தீர்ந்தவளாய்ச் சிரித்து, போய்வருகிறேன் என்று அவளும் கையை ஆட்டினாள்.