பேசாத இருவரும் ஏறாத பிக்கப்பும்

எங்கள் பிக்கப் பழைய வண்டி. சமதரையில் சமர்த்தாக ஓடும். ஆஸ்பத்திரிக்குப் போகிற மேட்டில் பாதி தூரம் ஏறியதும் மூச்சு வாங்க ஆரம்பிக்கும். ஆக்சிலேட்டரை எவ்வளவு அழுத்தி மிதித்தாலும், வேறு யாரையோ மிதிக்கிறார்கள் என்பதுபோல் அது பாட்டுக்கு ஊர்ந்துகொண்டிருக்கும். பின்னால் சைக்கிளில் வருகிறவர் மணியடித்து வழி கேட்பார்.

ஊர்ந்தால் ஊரட்டும் என்று விட முடியவில்லை. பேக்கரி என்னுடையது. அந்த ஆஸ்பத்திரிச் சமையலறைக்குக் காலை ரொட்டி போவதை நம்பித்தான் எங்கள் அடுப்பு எரிகிறது. ஒரு வாரமாகத் தினமும் தாமதம். உங்கள் ரொட்டி வருவதற்குள் நோயாளி குணமாகி வீட்டுக்கே போய்விடுகிறார் என்று சமையலறை மேற்பார்வை அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். நாளைக்கும் இப்படி என்றால் வேறு கடை பார்த்துக்கொள்வேன் என்பதைச் சிரிக்காமல் சொன்னார்.

வண்டியை ஓட்டுவது என் வீட்டுக்காரர். ரிப்பேர் பார்ப்பது என் அண்ணன். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். ஒரு ஸ்பேனர். வாங்கினதைக் கொடுத்துவிட்டேன் என்கிறார் இவர், கைக்கு வரவே இல்லை என்கிறார் அவர். அந்தத் துண்டு இரும்புக்காக வளர்ந்த ஆண்கள் இரண்டு பேர் மாதக்கணக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அலைகிறார்கள். ஆனாலும் வண்டியை வேறு மெக்கானிக்கிடம் கொண்டுபோக இவருக்கு மனசு வரவில்லை. வந்த வண்டியைத் திருப்பி அனுப்ப அண்ணனுக்கும் மனசு வரவில்லை. ரோஷம் மட்டும் இரண்டு பேருக்கும் குறைவில்லை.

அதனால் ஏற்பாடு இப்படி. இவர் அண்ணனுடைய மெக்கானிக் ஷெட் வாசலோடு நின்றுவிடுவார். அண்ணன் உள்ளே வண்டிக்கடியில் கிடப்பார். வண்டிக்கு என்ன செய்கிறது என்று இவர் என்னிடம் சொல்வார், நான் உள்ளே போய்ச் சொல்வேன். அண்ணன் கேட்பதை வெளியே வந்து கேட்பேன். வண்டியை ஓட்டிப் பார்க்கும்போதும் மூன்று பேர் உட்காரும் சீட்டில் நடுவில் நான்தான். கியர் போடும்போதெல்லாம் என் முட்டியில்தான் இடிக்கும்.

சொல்வதை அப்படியே சொன்னால் ஷெட்டில் கொலை விழும். அதனால் அரிசியில் கல் பொறுக்குவதுபோல் திட்டையெல்லாம் பொறுக்கிப் போட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் கொண்டுபோவேன். இவர் ஐந்து நிமிஷம் பொரிந்து தள்ளுவார். உள்ளே போய், "இன்னும் இழுவை சரியில்லையாம்ணே" என்பேன். அண்ணன் அதற்குமேல் பொரிவார். வெளியே வந்து, "பாத்துக்கிட்டிருக்காரு" என்பேன்.

அண்ணனும் சும்மா இருக்கவில்லை. டீசல் ஃபில்டரை மாற்றினார். காற்று ஃபில்டரைக் கழற்றித் தட்டியபோது ஒரு மைதானத்துத் தூசி வந்தது. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று பார்த்தார். ஆக்சிலேட்டர் கேபிளை இழுத்துக் கட்டினார். ஒவ்வொரு தடவையும் டீசல் பைப்பையும் கழற்றி ஊதிவிட்டு மாட்டுவார். முடிந்ததும் தெருமுனை வரை ஓட்டிப் பார்ப்போம், வண்டி பறக்கும். மறுநாள் காலை ரொட்டித் தட்டுகளை ஏற்றிக்கொண்டு போனால் அதே மேட்டில், அதே இடத்தில் படுத்துக்கொள்ளும். அண்ணன் வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார் என்று இவர். ஓட்டத் தெரியாதவனுக்கு எந்த வண்டியும் ஏறாது என்று அவர்.

ஆஸ்பத்திரி அம்மா கெடு வைத்த அன்று மத்தியானம் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு, டீசல் பம்ப்பைக் கழற்றி வெளியே அனுப்ப வேண்டும், வர நாலைந்து நாள் ஆகும் என்றார். நாளைக் காலை ரொட்டியைத் தலையில் சுமந்துகொண்டா மேடு ஏறுவது? வாசலுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். இவர் வழக்கமான பாட்டைத் தொடங்கினார். அந்த நிமிஷம் எனக்குள் ஏதோ அறுந்தது. இந்த இரண்டு பேருக்கும் பூசி மெழுகி என் பிழைப்பு போவதுதான் மிச்சம் என்று தோன்றியது. விடுவிடுவென்று உள்ளே போனேன்.

"அண்ணே, இனிமே பொறுக்கிப் பொறுக்கி எல்லாம் சொல்ல மாட்டேன். அவரு சொன்னத அப்படியே சொல்றேன், கேட்டுக்க. உன் கைய விட பெட்ரோல் பங்க்ல டீசல் போடுறவன் கை எவ்வளவோ மேலாம். அவன் மூடியத் திறந்து மூடுனாலே வண்டி குதிரை மாதிரி மேடு ஏறுதாம். நீ ஒரு வாரமா கழட்டி மாட்டி என்ன கிழிச்சேன்னு கேக்குறாரு."

ஸ்பேனர் பறந்து வரும் என்று இரண்டடி தள்ளியே நின்றுகொண்டேன். அண்ணன் கோபப்படவில்லை. வாயைக் கொஞ்சம் திறந்தபடி என்னையே பார்த்தார். பிறகு எழுந்து, வண்டியின் பக்கவாட்டில் இருந்த டீசல் டேங்க் அருகே போய் மூடியைத் திருகினார்.

புஸ்ஸென்று ஒரு சத்தம். ரொம்ப நேரமாக அடக்கி வைத்த பெருமூச்சு மாதிரி நீளமாக வந்தது.

மூடியைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். நடுவில் குண்டூசி நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில் கெட்டியாகப் பசை பூசியிருந்தது. அண்ணன் அதை எடுத்துக்கொண்டு நேராக வாசலுக்கு நடந்தார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"மாப்ள, இந்த ஓட்டைய யாரு அடைச்சது?"

இவர் பழக்க தோஷத்தில் என்னைப் பார்த்தார். நான் எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்தேன். செத்தாலும் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

"நான்தான் மச்சான்," என்றார் கடைசியில். "ரொட்டியில டீசல் வாடை அடிக்குதுன்னு போன வாரம் இவ உயிர வாங்குனா."

"டீசல் குறையக் குறைய உள்ள காத்து போகணும்ல? வழிய அடைச்சிட்டா எஞ்சின் எங்கேருந்து உறிஞ்சும்? நான் பைப்பக் கழட்டுறப்பல்லாம் காத்து உள்ள போயிருக்கு, அதான் தெருமுனை வரைக்கும் பறந்திருக்கு. பங்க்ல மூடியத் திறந்தா நல்லா ஓடுதுன்னு அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேனே. தினமும் சொல்லி அனுப்பினேன்."

"எனக்கு வரலையே."

இருவரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அத்தனை மாதத்தில் முதல் தடவையாகச் சேர்ந்து ஒரு காரியம் செய்தார்கள் என்றால் அது இதுதான்.

அண்ணன் பசையைச் சுரண்டி, ஊசியால் ஓட்டையைக் குத்தித் திறந்தார். டீசல் வாடைக்கு நாளைக்குள் வேறு வழி செய்கிறேன் என்றார், என்னிடம் இல்லை, இவரிடம். மேட்டில் நிஜமான சோதனை வேண்டுமென்று வண்டியைக் கடைக்குக் கொண்டுவந்து, பேக்கரியிலிருந்து மாவு மூட்டைகளைத் தூக்கி இருவருமாகவே வண்டியில் போட்டார்கள். நான் முந்தானையைச் செருகிக்கொண்டு நடு சீட்டில் ஏறப் போனேன்.

"நீ எதுக்கு?" என்றார் என் வீட்டுக்காரர். "கடையப் பாரு. நாங்க போயிட்டு வர்றோம்."

நாங்க என்றார்.

கதவைச் சாத்தினார்கள். ஆஸ்பத்திரி மேடு எங்கள் கடை வாசலிலிருந்தே தெரியும். வண்டி அடிவாரத்தில் திரும்பியது, ஏறியது, வழக்கமாகப் படுக்கிற இடத்தைக் கவனிக்காமலே தாண்டிப் போனது. அந்த வயதான எஞ்சின் சத்தத்துக்கு மேலாக இரண்டு ஆண் குரல்கள் காதைக் கிழித்தன. செகண்ட் கியர் போடச் சொல்லி ஒன்று, என் வண்டி எனக்குத் தெரியும் என்று ஒன்று. வாசலில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அவ்வளவு திட்டிலும் நான் பொறுக்கிப் போட வேண்டிய கல் ஒன்றுகூட இல்லை.